துணியை யார் துடைப்பது?

“தரை அழுக்கானா துணி துடைக்குது. துணி அழுக்கானா அதை யாருப்பா துடைப்பா?”

துப்பறிவாளரின் மகள் ஐந்து வயதில் கேட்ட கேள்வி இது. அப்போது அவர் சமையலறையில் கொட்டிய பாலைத் துடைத்துக்கொண்டிருந்தார். எத்தனையோ கள்ளர்களைப் பேசவைத்த மனிதர், அன்று கையிலிருந்த துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுப்படியிலிருந்து மனைவிதான் பதில் சொன்னாள். “யாருன்னு எனக்கும் தெரியல கண்ணு. ஆனா உங்கப்பா இல்லைன்னு மட்டும் சத்தியம் பண்ணுவேன்.”

மகள் வளர்ந்து, படித்து, வேலைக்கும் போய்விட்டாள். அந்தக் கேள்வி மட்டும் வளராமல் அவர் மனத்தின் மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. இன்று காலை அது எழுந்து நின்றது. அவர் எதிரே மேசையின்மேல், ஒட்டி மூடிய பிளாஸ்டிக் பைக்குள், ஓர் அழுக்குத் துணி கிடந்தது.

“இதுதான் ஆதாரம்,” என்றார் நிர்வாகி, அறைக்குள் வராமல் வாசலிலேயே நின்று.

அவர் நிர்வகித்த வளாகத்தில் பழைய அணு உலை ஒன்று இருந்தது. மின்சாரம் தயாரிக்கும் பெரிய உலை அல்ல. ஆராய்ச்சிக்காகக் கட்டிய சின்ன உலை. வெகுகாலம் ஓடி, ஓய்ந்து, எரிபொருளையெல்லாம் எடுத்துக்கொண்டு போன பிறகு, இப்போது அதைப் பிரித்துச் சுத்தம் செய்யும் வேலை நடந்துகொண்டிருந்தது. குழாயை அறுக்க ஒரு கூட்டம், காங்கிரீட்டைச் செதுக்க ஒரு கூட்டம், கடைசியில் சுவரையும் தரையையும் துடைக்க மேஸ்திரி ஒருவரின் கூட்டம். உலைக்கூடத்துக்குள் போகிறவர்கள் தலைமுதல் கால்வரை மூடிய உடுப்பு போட வேண்டும். வெளியே வருகிறவர்கள் ஓர் இரும்புக் கூண்டில் ஏறி நிற்க வேண்டும். உடம்பிலோ கையிலோ கடுகளவு கதிர்வீச்சு ஒட்டியிருந்தாலும் கூண்டு மணி அடித்து ஊரைக் கூட்டிவிடும்.

மணி அடிக்கவில்லை. ஆனால் முந்தாநாள், கூண்டுக்கு வெளியே இருக்கும் உடைமாற்றும் அறையில் திடீர்ச் சோதனை நடந்தபோது, மேஸ்திரியின் அலமாரியில் இருந்த இந்தத் துணி அளவுமானியை அலறவைத்தது.

“கூடத்துக்குள்ள இருந்து எதையோ கடத்தியிருக்கார்,” என்றார் நிர்வாகி. “எங்கே துடைச்சேன்னு கேட்டா வாயே திறக்கல. சாயங்காலம் சங்கு ஊதினதும் அந்தாளு வெளியே. அவரோட ஆட்களும் வெளியே. அதுக்குள்ள நீங்க துப்பறிஞ்சு முடிச்சிடணும்.”

“எப்படியும் அனுப்பப் போறீங்கன்னா, நாங்க எதுக்குங்க?” என்று கேட்டான் துப்பறிவாளரின் உதவியாளன்.

“பேப்பர்க்காரங்க வந்தா துப்பறிஞ்சோம்னு சொல்லணும்ல.”

உதவியாளன், துப்பறிவாளருடைய மனைவியின் தம்பி. நல்ல வேலை கிடைக்கும்வரை என்று சொல்லி வந்தவன். ஒன்பது வருடமாக அந்த நல்ல வேலை கிடைத்துவிடாமல் கவனமாகப் பார்த்துக்கொள்கிறான்.

காலையில் தன் அறையில் அவர்களுக்குப் பிஸ்கட் கொடுத்து வரவேற்ற நிர்வாகி, இதற்கு முன்பு ஒரு பால் பண்ணையை நிர்வகித்தவர். அணு என்ற சொல்லைக் கேட்டாலே இரண்டடி தள்ளி நிற்பார். வேலைக்கு வந்த நாள்முதல் உலைக்கூடத்தின் வாசலைக்கூடத் தாண்டியதில்லை. தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘வாசப்படி’. அந்தப் புழுக்கத்திலும் கழுத்தில் ஒரு மப்ளர் சுற்றியிருந்தார்.

“சளிங்களா?” என்றான் மைத்துனன்.

“போன மாசம் வெளியூர் போயிருந்தேன். என் மச்சினனுக்குக் கல்யாணம். அங்கே குளிர்,” என்று சொல்லிவிட்டு நிர்வாகி நடந்தார்.

மைத்துனன் பெருமூச்சு விட்டான். “மச்சினனுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிற அத்தான் எல்லாம் உலகத்துல இருக்காங்க. கேட்டுக்கோங்க அத்தான்.”

துப்பறிவாளர் கேட்டுக்கொள்ளவில்லை. கண்ணை மூடி நின்றார். ஒருவரைக் குற்றவாளி என்று நினைப்பதற்கு முன் அவருக்காக ஒரு நிமிடம் பிரார்த்திப்பது அவர் வழக்கம். நாமே கெட்டவன் என்று முடிவு கட்டிய மனிதனைக் கடவுள் இன்னும் முடிவு கட்டாமல் வைத்திருக்கலாம் அல்லவா? மைத்துனனுக்கு இந்த வழக்கம் பிடிக்காது.

“அத்தான், நீங்க ஆமென்னு முடிக்கிறதுக்குள்ள திருடன் பஸ் ஏறி, ஜன்னல் சீட்டுல உக்காந்து, தூங்கியே போயிடுவான்.”

“தூங்கட்டும் மாப்ளே. அசதியா இருக்கும்.”

அறையில் மூன்றாவதாக இருந்தவர் அளவுக்காரம்மா. கதிர்வீச்சை அளப்பது அவர் தொழில். கையில் அளவுமானி இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் இல்லை. கடையில் தக்காளி வாங்கும்போதும் அளந்துதான் வாங்குவார் என்று ஒரு பேச்சு உண்டு.

“அக்கா, இந்தத் துணியை வெளியே எடுத்துப் பார்க்கலாமா? அத்தான் மோந்து பார்த்தே ஆளைச் சொல்லிடுவாரு.”

“மோந்து பார்த்தா அடுத்து நான் உங்க அத்தான் மூக்கை அளக்க வேண்டியிருக்கும். பை மேலேயே பாருங்க.” அவர் முகத்தில் கோபம் இருந்தது. “மணி அடிக்கலன்னா நான்தான் மணியை அணைச்சு வெச்சேன்னு இப்ப ஒரு புரளி. நான் என் கல்யாணத்துல மேளத்தைக்கூட நிறுத்தச் சொன்னவ இல்லை. மணியை நிறுத்துவேனா?”

“நீங்க அணைக்கல,” என்றார் துப்பறிவாளர். “மணி வேலை செஞ்சது. துணியும் அதைத் தாண்டி வரல. ரெண்டும் உண்மைன்னா, இந்தத் துணி உள்ளேயே போகல.”

அளவுக்காரம்மா அவரைக் கூர்ந்து பார்த்தார். “நானும் அதைத்தான் ஐயாகிட்ட சொன்னேன். கூடத்துக்குள்ள நாங்க காகிதத் துணிதான் தருவோம். ஒரு தரம் துடைச்சா மடிச்சுப் பையில போட்டுடணும். இது பழைய சட்டைக் கிழிசல். அவர் கேக்கல.”

“வேற ஏதாவது?”

“ரெண்டு நாள்ல துணியோட அளவு கொஞ்சம் இறங்கியிருக்கு. இந்த உலையோட அழுக்கு அப்படி இறங்காது. அது நம்ம பேரன் கல்யாணத்தையும் பார்த்துட்டுத்தான் போகும். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. ஆனா என்ன வகைன்னு பிரிச்சுச் சொல்ற பெரிய மெஷின் ரிப்பேருக்குப் போயிருக்கு. அடுத்த வாரம் வரும். அளக்காம சொல்ற பழக்கம் எங்களுக்கு இல்லை.”

“அடுத்த வாரம் மேஸ்திரி எங்கே இருப்பாரோ,” என்றார் துப்பறிவாளர்.

“அதுதான் எனக்கும் வயித்தெரிச்சல். கைசுத்தம் இல்லைன்னு பேர் வந்துட்டா, எந்த ஊர் உலையிலயும் அவரை உள்ளே விட மாட்டாங்க.” அவர் அளவுமானியைத் தட்டினார். “இந்த மீட்டர் வேற சரியில்லை. ஐயா வாசல்ல வந்து நின்னாலே லேசாத் துடிக்குது. ரெண்டு தரம் பேட்டரி மாத்திட்டேன்.”

“மேலதிகாரி வந்தா எல்லாருக்கும் துடிக்கும் அக்கா,” என்றான் மைத்துனன். “மீட்டரும் சம்பளக்காரன்தானே.”

மூன்று பேரும் சிரித்தார்கள். துப்பறிவாளர் சற்று முன்னதாகவே சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

*

உடைமாற்றும் அறையில் மேஸ்திரி தன் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரு சோப்புப் பெட்டி, ஒரு சீப்பு, மாற்றுச் சட்டை. அவற்றை எடுத்துவைக்க அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு வீட்டையே காலி செய்திருக்கலாம். அலமாரிக் கதவில் யாரோ தடித்த கறுப்புப் பேனாவால் ‘களவாணி’ என்று எழுதியிருந்தார்கள். அவர் அதைப் பார்க்காதவர்போல் அதன்மேல் சாய்ந்து நின்றார். முதுகு போதவில்லை. ‘க’ வெளியே தெரிந்தது.

“கையெழுத்து நல்லா இல்ல,” என்றான் மைத்துனன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று. “நாங்க ரெண்டு பேரும் துப்பறிய வந்திருக்கோம் அண்ணே. அதாவது அவர் துப்பறிவாரு. நான் பசிக்குதுன்னு சொல்லுவேன்.”

மேஸ்திரியின் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து திரும்பிப் போனது. “துணி என்னோடதுதான். துடைச்சது நான்தான். எங்கேன்னு மட்டும் கேக்காதீங்க.”

“கேக்கல,” என்றார் துப்பறிவாளர். பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். “வேற ஒண்ணு கேக்கறேன். தெருக்கோடியில குப்பைத்தொட்டி இருக்கு. அதுல போட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஏன் போடல?”

மேஸ்திரி திடுக்கிட்டுப் பார்த்தார். கோவிலில் ஏன் எச்சில் துப்பவில்லை என்று கேட்டதுபோல இருந்தது அந்தப் பார்வை. “அழுக்குத் துணியையா? தெருத் தொட்டியிலயா? அதுல பிள்ளைங்க பந்து விழுந்தா கை விட்டு எடுக்கும் சார்.”

“சரி. உள்ளே கழிவுப் பையில போட்டிருக்கலாமே?”

“பையில போட்டா சீட்டு கட்டணும். எங்கே துடைச்சதுன்னு சீட்டுல எழுதணும். எங்க வேலையில அதுதான் சட்டம். உண்மையை எழுத முடியாது. பொய் எழுத…” தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். “கை வரல. அதான் மூடி வெச்சிருந்தேன்.”

மைத்துனன் தலையைச் சொறிந்தான். “உலகத்திலேயே குப்பை போடத் தெரியாம மாட்டிக்கிட்ட முதல் ஆளு நீங்கதான் அண்ணே.”

“உங்களை நம்பி எத்தனை பேர் இருக்காங்க?” என்றார் துப்பறிவாளர்.

“என் ஆட்கள் இருக்காங்க. நான் போனா அவங்களும் போகணும். அது ஒண்ணுதான் உறுத்துது.” மேஸ்திரி சீப்பைச் சட்டைப்பையில் வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார். “சார், ஒருத்தர் ஒரு தடவை எனக்காக வாயை மூடிக்கிட்டார். அவர் அதை மறந்தே போயிருப்பார். நான் மறக்கல. இதுக்கு மேல என்கிட்ட கேக்காதீங்க.”

துப்பறிவாளர் எழுந்து அவர் தோளைத் தொட்டுவிட்டு வெளியே வந்தார்.

*

“அத்தான், ஒண்ணு புரிஞ்சது,” என்றான் மைத்துனன், முற்றத்தில் நடந்தபடி. “இந்தாளு திருடன் இல்ல. திருடனுக்கு இவ்வளவு ஒழுங்கு இருந்தா போலீஸ்ல சேர்ந்திருப்பான்.”

“துணியில என்னென்ன பார்த்த?”

“அழுக்கு.”

“அழுக்குல மூணு வகை இருந்தது மாப்ளே. ஒரு ஓரத்துல செம்பழுப்பா மினுமினுப்பு. மரச்சாமானுக்குப் போடற பாலிஷ். நடுவுல ஊதா நிறம். ரப்பர் முத்திரை குத்தற மை. உலைக்கூடத்துல மரமும் கிடையாது, முத்திரையும் கிடையாது. அப்புறம் மூணாவதா மடிப்புல ஒரு பொடி ஒட்டியிருந்தது. அதுதான் எனக்குப் பிடிபடல.”

மைத்துனன் நின்றான். அவன் முகத்தில் இதுவரை காணாத ஒரு கம்பீரம் வந்தது.

“அத்தான், அந்தப் பொடியை நானும் பார்த்தேன். சொன்னா சிரிப்பீங்கன்னு விட்டுட்டேன். பழுப்பு நிறம், ஓரத்துல சர்க்கரைப் பரல், நடுவுல நார் மாதிரி ஒரு கீற்று. அது இஞ்சி பிஸ்கட். காலையில நிர்வாகி அவரோட டப்பாவிலிருந்து எடுத்துக் குடுத்தாரே, அதே இஞ்சி பிஸ்கட். நான் நாலு தின்னேன். எனக்குத் தெரியாதா?”

துப்பறிவாளர் அவனைக் கண்கொட்டாமல் பார்த்தார். “ஒன்பது வருஷச் சோறு வீண்போகல மாப்ளே.”

வளாகத்தில் எல்லா அறைகளிலும் இரும்பு மேசைதான். மரமேசையும் மரநாற்காலியும் நிர்வாகியின் அறையில் மட்டும்தான் இருந்தன. காலையில் அவர்களை இரும்பு ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு அவர் அந்த நாற்காலியில் சாய்ந்திருந்ததை மைத்துனனின் இடுப்பு இன்னும் மறக்கவில்லை.

“புடிச்சிட்டேன்,” என்றான் அவன். “வாசப்படி ஐயாதான் திருடன். உலையிலிருந்து எதையோ ஞாபகார்த்தமா எடுத்து அறையில ஒளிச்சு வெச்சிருக்காரு. அவர் மேசைமேல காகிதம் பறக்காம இருக்க ஒரு இரும்புக் கட்டி இருக்கு பாருங்க, அதுவேதான். மேஸ்திரி அதைத் தெரிஞ்சுக்கிட்டு, அவரைக் காப்பாத்த அறையைத் துடைச்சிருக்காரு.”

“இருக்கலாம்,” என்றார் துப்பறிவாளர். “போய் அக்காகிட்ட மீட்டரை வாங்கிட்டு வா. எப்படிப் பிடிக்கணும்னு கேட்டுக்கோ. அவங்க வர வேண்டாம். நாம ரெண்டு பேர் போதும்.”

“ஏன், அவங்க வந்தா நல்லதுதானே?”

“ஒருத்தரோட அறையைச் சோதிக்கும்போது எத்தனை கண்ணு குறைவா இருக்கோ, அத்தனை நல்லது.”

*

அறைக்குள் போனதும் துப்பறிவாளர் கதவைச் சாத்தினார். நிர்வாகி பிஸ்கட் டப்பாவை நகர்த்தி வைத்தார்.

“கண்டுபிடிச்சாச்சா?”

“பாதி. உங்க அறையை ஒரு தடவை அளந்துடலாமா?”

“என் அறையையா? இங்கே ஒரு தூசி கிடையாது. உலைப்பக்கமே போகாத ஆள் நான். ஊருக்கே தெரியும்.”

“அதனாலதான் சீக்கிரம் முடிஞ்சிடும்.”

மைத்துனன் அளவுமானியை இரண்டு கையாலும் ஏந்தி, நேராக இரும்புக் கட்டியிடம் போனான். அளவுமானி மௌனம் சாதித்தது. கட்டியைப் புரட்டி அடியில் வைத்தான். அப்போதும் மௌனம். அவன் முகம் தொங்கியது. அலமாரி, ஜன்னல், குப்பைக்கூடை எல்லாம் சும்மா இருந்தன. தொலைபேசிக் கைப்பிடிக்குப் பக்கத்தில் போனபோது டிக் டிக் என்று ஒரு சத்தம் எழுந்தது.

“அத்தான்.”

“அப்படியே போ.”

மேசை விளிம்பு, டிக் டிக். முத்திரை வைக்கும் பெட்டி, டிக் டிக். பிஸ்கட் டப்பாவின் மூடி, டிக். மைத்துனன் தன் வயிற்றைத் தடவிக்கொண்டான். நாற்காலிக்குப் பக்கத்தில் போனதும் அளவுமானி கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் பட்டதுபோல் சடசடவென்று பொரிந்தது.

நிர்வாகி பதறி எழுந்து ஜன்னலுக்குத் தாவினார். “நாற்காலியிலயா? நான் உக்காந்த நாற்காலியிலயா? அந்த மேஸ்திரி எனக்கே வெச்சுட்டானா?”

மைத்துனன் நாற்காலியை மறுபடியும் அளந்தான். சத்தம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. மேலே அளந்தான், கீழே அளந்தான், குனிந்து கால்களுக்கிடையில் அளந்தான்.

“அத்தான், அழுக்கு நாற்காலியை விட்டு எழுந்து போயிடுச்சு.”

“எங்கே போச்சு?”

மைத்துனன் அளவுமானியைக் காற்றில் மெல்லத் திருப்பினான். அது ஜன்னல் பக்கம் திரும்பியபோது பொரிந்தது. நிர்வாகி அலமாரிப் பக்கம் நகர்ந்தார்; பொரிச்சலும் அலமாரிப் பக்கம் நகர்ந்தது. அவர் மேசையைச் சுற்றிக் கதவுப் பக்கம் ஓடினார். மைத்துனனும் மேசையைச் சுற்றினான். இரண்டு சுற்று முடிந்தது. மூன்றாவது சுற்றில் இருவருக்கும் மூச்சு வாங்கியது.

“துரத்தாதீங்கய்யா,” என்றார் நிர்வாகி, மேசையைப் பிடித்துக்கொண்டு.

“நான் எங்கேங்க துரத்தறேன்? மீட்டர் என்னை இழுத்துக்கிட்டு வருது.”

துப்பறிவாளர் அவனைக் கையமர்த்திவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார். “ஐயா, உங்க மச்சினனுக்குக் கல்யாணம் நடக்கலையே?”

நிர்வாகி மேசையை விட்டுக் கையை எடுத்தார். அவர் கை மப்ளருக்குப் போனது. அவரே அதை அவிழ்த்தார். தொண்டைக்குக் கீழே, சிவந்த கோடுபோல, ஆறிக்கொண்டிருக்கும் ஒரு வடு இருந்தது.

“கட்டி,” என்றார். “தைராய்டுல. வெட்டி எடுத்துட்டாங்க. அப்புறம் ஒரு தனி அறையில வெச்சு ஒரு மாத்திரை குடுத்தாங்க. மிச்சம் மீதி இருந்தா அது சுட்டுப் பொசுக்கிடுமாம். ‘கொஞ்ச நாள் யார் பக்கத்துலயும் உக்காராதீங்க’ன்னு டாக்டர் சொன்னார். நான் யார் பக்கத்துல உக்கார்றேன்? நிர்வாகி. எனக்குன்னு தனி அறை, தனி டீ.” சட்டென்று நிறுத்தினார். “அந்த மாத்திரையா இது?”

“அந்த மாத்திரைதான். எச்சில்ல, வேர்வையில கொஞ்சம் வெளியே வரும்னு கேள்விப்பட்டிருக்கேன்.”

நிர்வாகி தன் உள்ளங்கையை நீட்டி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அணுவைக் கண்டு வாசற்படி தாண்டாத மனிதர். அது அவர் உள்ளுக்குள்ளேயே வாடகைக்கு இருந்திருக்கிறது.

“ஏன் மறைச்சீங்க?” என்றான் மைத்துனன். அவன் குரலில் கேலி இல்லை.

“அணு உலை நிர்வாகிக்குத் தொண்டையில கட்டின்னா ஊர் என்ன சொல்லும்? உலைதான் காரணம்னு சொல்லும். நான் அதுக்குள்ள எட்டிக்கூடப் பார்த்ததில்லைன்னு யார் நம்புவா? பயந்து பாதி பேர் வேலையை விட்டுப் போயிடுவாங்க. அதுவும் இல்லாம…” அவர் ஜன்னலைப் பார்த்தார். “பயந்தவன்னு பேர் எனக்கு ஏற்கெனவே இருக்கு. நோயாளின்னும் ஒரு பேர் எதுக்கு?”

“இந்த விஷயம் ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கு,” என்றார் துப்பறிவாளர். “சாயங்காலம் நீங்க போனப்புறம் அவர் வந்து உங்க நாற்காலியையும் போனையும் துடைச்சிருக்கார். அளவுக்காரம்மா கண்ணுல படாம இருக்கட்டும்னு. முந்தாநாள் அவரைப் பிடிச்சதிலிருந்து துடைக்க ஆள் இல்லை. அதனாலதான் இன்னைக்கு இத்தனை சத்தம்.”

“மேஸ்திரியா? அவருக்கு எப்படி…” நிர்வாகி நெற்றியைத் தேய்த்தார். “அந்தத் தனி அறைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில என்னைத் தள்ளிக்கிட்டுப் போனப்ப ஒரு ஆள் சட்டுன்னு திரும்பி, சுவரைப் பார்த்து நின்னுக்கிட்டார். சுவர்ல ஒண்ணுமே இல்லை. அப்பவே நினைச்சேன், இந்தாளு எதைப் படிக்கிறார்னு.”

“அந்தத் தனி அறை எதுக்குன்னு கதிர்வீச்சுக்குள்ளயே வேலை செய்யறவருக்குத் தெரியும். அவருக்கு நீங்க எப்பவாவது ஏதாவது உதவி செஞ்சிருக்கீங்களா?”

“நானா? நான் கையெழுத்துப் போடுவேன். வேற யாருக்கு என்ன செஞ்சேன்?” என்றவர், கதவுப் பக்கம் பார்த்தார். “வேலை ஆரம்பிச்ச புதுசுல ஒரு நாள் அவர் அந்த உடுப்புக்குள்ள வெந்துபோய், இந்த வராந்தாவில மயங்கி விழுந்தார். வேற யாரும் இல்லை. தண்ணி குடுத்து, ஒரு ஃபைலால விசிறிக்கிட்டிருந்தேன். மயங்கினது தெரிஞ்சா உடம்புக்கு ஆகாதவன்னு வேலையை விட்டு எடுத்துடுவாங்க, சொல்லாதீங்கன்னார். சொல்லல. அது ஒரு உதவியா?”

“அவருக்கு அது கணக்குல இருந்திருக்கு,” என்றார் துப்பறிவாளர்.

நாம் கொடுத்த உதவிகளில், நமக்கே மறந்துபோனவைதான் சுத்தமானவை. அவற்றைத்தான் கடவுள் யாராவது ஒருவரிடம் பத்திரமாகக் கொடுத்து வைக்கிறார்.

“இப்ப நான் என்ன செய்யணும்?” என்றார் நிர்வாகி.

“நான் துப்பறிய மட்டும்தான் வந்தேன்யா. துணியைப் பிடிச்சுக்கிட்டு வந்தேன், இங்கே கொண்டு விட்டுது. இங்கிருந்து எங்கே போகணும்னு துணிக்குத் தெரியாது.”

நிர்வாகி மப்ளரை எடுத்தார். கழுத்தில் சுற்றப் போனவர், அதை மடித்து மேசையில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

*

டீ நேரத்துக்கு எல்லாரும் முற்றத்தில் கூடியிருந்தார்கள். நிர்வாகி நடுவில் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

“மேஸ்திரி அலமாரியில இருந்த அழுக்கு உலையோடது இல்லை. என்னோடது. எனக்குத் தொண்டையில கட்டி வந்து, வைத்தியம் பண்ணிக்கிட்டேன். அந்த மருந்துதான் என் நாற்காலியில ஒட்டியிருக்கு. அவர் எனக்காகத் துடைச்சார். எனக்காக வாயை மூடிக்கிட்டார். நான் அவரை வெளியே அனுப்பப் பார்த்தேன்.”

முற்றம் முழுவதும், சொல்லி வைத்ததுபோல், ஓர் அடி பின்வாங்கியது. ஒரே ஒருவர் மட்டும் முன்னால் வந்தார். மேஸ்திரி. கையில் இருந்த ஸ்டூலை நிர்வாகியின் பக்கத்தில் போட்டு, “உக்காருங்க ஐயா,” என்றார்.

“எல்லாரும் எங்கே ஓடறீங்க?” என்று அதட்டினார் அளவுக்காரம்மா. “கையெட்டற தூரம் தள்ளி நின்னா போதும். அவர் அறையைப் பூட்டிட்டு நான் பார்த்துக்கறேன். இந்த வகை அழுக்கை யாரும் துடைக்கக்கூட வேண்டாம். கொஞ்ச வாரம் பொறுத்தா தன்னால போயிடும்.” நிர்வாகியைப் பார்த்தார். “ஐயா, நீங்க நாளைலேர்ந்து வீட்டுல இருக்கணும். டாக்டர் சொல்லியும் கேக்காம வந்ததுக்கு நான் உங்களைத் திட்டணும். மேலதிகாரியாப் போயிட்டீங்க. அதனால மனசுக்குள்ள திட்டிக்கறேன்.”

“அப்ப மேஸ்திரி?” என்றான் செதுக்குகிற கூட்டத்தில் ஒருவன். அவன் சட்டைப்பையில் ஒரு தடித்த கறுப்புப் பேனா குத்தியிருந்தது. கேட்டுவிட்டு அதை மெல்ல எடுத்துக் கால்சட்டைக்குள் ஒளித்தான்.

“மேஸ்திரியும் அவர் ஆட்களும் இங்கேதான். அடுத்த உலைக்கும் அவங்கதான்,” என்றார் நிர்வாகி.

மைத்துனன் அளவுக்காரம்மாவின் அருகே நகர்ந்தான். “அக்கா, ஒரு சின்ன விஷயம். காலையில ஐயா டப்பாவிலிருந்து நாலு பிஸ்கட் தின்னுட்டேன்.”

அவர் அளவுமானியை அவன் வயிற்றுக்கு நேரே நீட்டினார். ஒரு சத்தமும் இல்லை. “உள்ளே பிஸ்கட் மட்டும்தான் இருக்கு. மூளை இருக்கான்னு பார்க்க இதை வெச்சு முடியாது.”

திரும்பிப் போகும் வழியில் மைத்துனன் கேட்டான். “அத்தான், உங்களுக்கு எப்பத்தான் ஐயா மேல சந்தேகம் வந்தது?”

“மீட்டர் துடிக்குதுன்னு அந்தம்மா சொன்னப்பவே. நீ நல்ல ஜோக் சொன்ன மாப்ளே. அதான் எல்லாரும் கேள்வியை மறந்துட்டாங்க.”

“அப்ப உங்க பொண்ணு கேட்டாளே, அந்தக் கேள்விக்குப் பதில் கிடைச்சுதா?”

“இல்லை,” என்றார் துப்பறிவாளர். “துணி எங்கே போச்சுன்னுதான் கண்டுபிடிச்சேன். அதை யார் துடைப்பாங்கன்னு இன்னும் தெரியல.”

*

சங்கு ஊதி, எல்லாரும் போய்விட்டார்கள். கையெழுத்துப் போட வேண்டியது இருக்கிறது என்று சொல்லி நிர்வாகி மட்டும் தங்கினார்.

கையெழுத்து ஒன்றும் இருக்கவில்லை. அவர் ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு உடைமாற்றும் அறைக்குப் போனார். வாசலில் கால் தானாக நின்றது. உள்ளே ஆபத்து எதுவும் இல்லை என்று அவருக்குத் தெரியும், காலுக்குத்தான் தெரியவில்லை. கடவுளே என்று சொல்லிக்கொண்டு வலது காலை எடுத்து உள்ளே வைத்தார்.

சுவரில் தொங்கிய ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டார். துடைக்கிற இடத்தில் தன் கை படக்கூடாது. பிறகு துணியை நனைத்து, மேஸ்திரியின் அலமாரிக் கதவைத் தேய்த்தார். தடித்த பேனாவின் மை லேசில் போகவில்லை. பால் பண்ணையிலும் சரி, இங்கேயும் சரி, அவர் எதையும் தேய்த்துப் பழகியவர் அல்லர். தோள் வலித்தது. கையை மாற்றினார். கடைசி எழுத்து முதலில் மங்கியது, பிறகு நடு எழுத்துகள். ‘க’ மட்டும் வெகுநேரம் அடம்பிடித்தது. அதையும் தேய்த்தார். கதவில் அவர் முகம் தெரியும்வரை தேய்த்தார்.

துணி கன்னங்கரேலென்று ஆகியிருந்தது. அதைக் குப்பையில் போட நினைத்தவர், கூடையின் மேலே கையை நீட்டியபடி நின்றார். பிறகு குழாயடிக்குப் போனார். குந்தி உட்கார்ந்து, சோப்புப் போட்டு, கசக்கி, அலசி, மறுபடியும் கசக்கினார். முறுக்கிப் பிழிந்து கம்பியில் காயப்போட்டார். விளக்கை அணைத்துவிட்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் வீட்டுக்கு நடந்தார்.

இருட்டில், ஈரத் துணியிலிருந்து தண்ணீர் முதலில் கறுப்பாகச் சொட்டியது. பிறகு சாம்பல் நிறமாக. பிறகு வெறும் தண்ணீராக.